சேலத்திலா, ஏற்காட்டிலா? முதியோர் குடியிருப்பு தேடுவோருக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கப் போனால் எந்தக் குடியிருப்பும் அழகாகத்தான் இருக்கும். வாசலில் கோலம், கையில் காபி, தோட்டத்தில் பெஞ்சு. அதைப் பார்த்து மயங்கி முன்பணம் கட்டிவிட்டு, பிறகு டெபாசிட்டைத் திரும்ப வாங்க அலைபவர்கள் உண்டு. முதலில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறையில் விழுந்தால் யார் வருவார்கள்? படுத்த படுக்கையாகிவிட்டால் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துப் பயனில்லை.

சீனியர் லிவிங், ரிட்டயர்மென்ட் ஹோம், முதியோர் இல்லம் என்று பலகையில் எது எழுதியிருந்தாலும் பண விஷயத்தில் மூன்றே வகை. வீட்டைப் பத்திரம் பண்ணி வாங்குவது. பெரிய டெபாசிட் கட்டிக் குடியிருப்பது. சாப்பாடு சேர்த்து மாதக் கட்டணம் கொடுப்பது. எழுபதைத் தாண்டியவர்கள் வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. பல இடங்களில் குறைந்தபட்ச வயது விதி இருக்கிறது. ஐம்பத்தைந்துக்குக் கீழே உள்ள வாரிசுக்கு வீடு போகும், ஆனால் அவர் அதில் குடியிருக்க முடியாது. விற்பதென்றாலும் முதியவர்களுக்குத்தான் விற்க வேண்டும். ஆள் கிடைக்கும்வரை பூட்டிய வீட்டுக்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் ஓடும்.

மலையா, சமவெளியா

ஓய்வுக்குப் பிறகு ஏற்காடு என்பது சேலத்துக்காரர்கள் பலருக்கும் உள்ள ஆசை. சேலம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர் போட்டு உட்காரலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணியதை யாராவது கவனிக்க அரை மணி, ஆம்புலன்ஸ் வர அரை மணி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் வர ஒரு மணி, ஸ்கேன் எடுக்க இன்னொரு அரை மணி. பகலில் எல்லாம் சரியாக நடந்தாலே நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். ராத்திரி, மூடுபனி, மழை என்றால் கேட்கவே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாக வேறொரு பாதை உண்டு, ஆனால் அது சுற்று. மே மாதக் கோடை விழா நாட்களிலோ மழையே இல்லாமல் வண்டிகள் தேங்கி நிற்கும்.

இன்னொன்று மூச்சு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரலுக்கு அது தெரியாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மலையில் முன்பணம் கட்டக் கூடாது. சரிவான நிலத்தில் முழங்கால் படும் பாடு தனிக் கதை. மேலே எங்கே நடந்தாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். மாலை நடைக்குப் போகிறவர்கள் காட்டெருமை வரும் வழியையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எனவே நடமாட்டம் நன்றாக இருக்கும் அறுபது, அறுபத்தைந்து வயதுக்கு ஏற்காடு வாடகைக்குச் சரி; அதையே கடைசி முகவரியாக்கிக்கொள்ள வேண்டாம். அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால், ‘ஹாகா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி அந்தக் கட்டடத்துக்கு இருக்கிறதா என்று ஆவணத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பார்க்கப் போவதையும் மே மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நவம்பரில் போய் அலமாரிக்குள் கை விட்டுப் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று பொருள்.

சேலத்துக்குள் என்றால் அஸ்தம்பட்டி, அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், ஐந்து ரோடு பக்கம் ஆஸ்பத்திரியும் மருந்துக்கடையும் கிட்டே. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நகரின் நடுவிலேயே இருக்கிறது. நகரின் விளிம்புக்குப் போகப் போக இடம் விசாலமாகும், விலை இறங்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆட்டோ வராது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மைதான், ஆனால் அந்தப் படியில் ஏற முழங்கால் சம்மதிக்க வேண்டுமே. பிள்ளைகள் பெங்களூரிலோ கோவையிலோ இருந்தால் சேலம் வசதி. பெங்களூர் சுமார் 200 கிலோமீட்டர், கோவை 160. சனிக்கிழமை கிளம்பி வந்து ஞாயிறு திரும்பிவிடலாம்.

தண்ணீரைப் பற்றிக் குடைந்து கேளுங்கள். மேட்டூர் காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எத்தனை லிட்டர், இடைப்பட்ட நாட்களில் போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா? ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. கடின நீர் ஓடினால் ஹீட்டருக்குள் உப்புப் படிந்து சீக்கிரம் கெடும். ஷவர் முகப்பில் வெள்ளைப் படிவு இருந்தால் பரிசோதனைக்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். திருமணிமுத்தாற்றங்கரை, ஏரிக்கரை ஓரம் என்றால் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் போய்ச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். மேக்னசைட் சுரங்கங்கள் உள்ள பக்கத்தில் ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள். துணியில் ஒட்டுவதைப் பார்த்து ஆஸ்துமாக்காரர்கள் முடிவு செய்யலாம்.

இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்

முதலில் குளியலறைக் கதவு. வழக்கமாக வைக்கும் இரண்டரை அடிக் கதவில் நிலையும் கதவுத் தடிமனும் போக 70 சென்டிமீட்டர்கூடத் தேறாது. வீல்சேரே 65 வரும்; சக்கரத்தைத் தள்ளும் கை நிலையில் இடிக்கும். திறந்த பிறகு 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொண்டு, திறக்க முடியாமல் போவது அடிக்கடி நடப்பது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கும்படி இருக்கட்டும்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உங்கள் எடையைப் போட்டுத் தொங்கிப் பாருங்கள். துண்டு போடும் கம்பியைக் காட்டி ‘இதுதான் கைப்பிடி’ என்பவர்கள் இருக்கிறார்கள். வெஸ்டர்ன் டாய்லெட் தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் இருந்தால் எழுந்திருக்க எளிது. தரை டைல்ஸில் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். சாய்தளம் ஓர் அடி ஏற 12 அடி நீளம் ஓட வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அது பைக் ஏற்றத்தான் ஆகும். நம் வீடுகளில் விட்டுப்போகாத நிலைப்படியையும் கவனியுங்கள். அரை இஞ்ச் மேடுகூட இருட்டில் காலைத் தட்டும்.

அழைப்பு மணி கட்டில் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. குளியலறையில் விழுபவர்களும் பலர். அங்கே தரையிலிருந்து நான்கு விரல் உயரம்வரை தொங்கும் இழுகயிறு வேண்டும். தரையில் கிடப்பவருக்கு எட்டுவது அதுதான்.

லிஃப்டின் உள் ஆழம் இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் ஸ்ட்ரெச்சர் நேராகப் போகாது. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்குவார்கள். இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு அது சித்திரவதை. மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் எவையெல்லாம் ஓடும் என்று கேளுங்கள். லிஃப்ட், நடைபாதை விளக்கு, உங்கள் அறையில் ஆக்சிஜன் இயந்திரம் மாட்ட ஒரு ப்ளக் பாயின்ட், இந்த மூன்றும் கட்டாயம்.

ஒருநாள் பார்வை போதாது. பணம் கொடுத்துப் பத்து நாள் விருந்தினர் அறையில் தங்குங்கள். அதில் ஒரு ஞாயிறு கட்டாயம் இருக்கட்டும். சமையல்காரர் லீவு போட்டால் என்ன வருகிறது என்பது ஞாயிறு ராத்திரிதான் தெரியும். சுவரில் ஒட்டிய வார மெனுவையும் தட்டில் விழுவதையும் ஒப்பிடுங்கள். பல்செட் போட்டவர்கள் சாதம் குழைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு, ராத்திரி சாப்பாடு நேரம் தவறாமல் வருகிறதா என்பது அதைவிட முக்கியம். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மணியை அழுத்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் ஆள் வர வேண்டும். வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், நர்ஸ் என்ன படித்தவர் என்று விசாரியுங்கள். அலுவலகத்தில் சொல்வதைவிட அந்த நேரத்தில் நேர்மையான பதில் வரும்.

ஒப்பந்தத்தில் எங்கே விரல் வைப்பது

‘தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்த நிலை போய்விட்டது என்று தீர்மானிப்பது யார், எத்தனை நாள் அவகாசம், மறதி நோய் வந்தால் என்ன செய்வார்கள், உதவியாள் வைத்துக்கொண்டு தொடரலாமா, அவருக்கு ஷிஃப்டுக்கு எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்ற வாய்வார்த்தை, மேனேஜர் மாறும்வரைதான்.

அடுத்தது தம்பதியில் ஒருவர் போன பிறகு. மாதக் கட்டணம் பாதியாகுமா, முக்கால் பங்கா? டெபாசிட் இருவர் பெயரிலும் இருக்கிறதா? அது எத்தனை நாளில், எவ்வளவு கழித்துக்கொண்டு திரும்பும்? ‘அடுத்தவர் குடிவந்த பிறகு’ என்று எழுதியிருந்தால், அதற்கு ஆறு மாதம் என்று ஓர் உச்சவரம்பு கேட்டு வாங்குங்கள். நாமினி போட்டதாலேயே பணம் அவருடையதாகிவிடாது. உயிலும் எழுதி வையுங்கள்.

கட்டண உயர்வுக்குச் சதவீதம் குறிப்பிட்டிருக்க வேண்டும். மாதம் 20,000 ரூபாய் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் பத்தாவது வருஷம் முடியும்போது 43,000 ஆகிவிடும். பென்ஷன் அந்த வேகத்தில் ஏறுமா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்பதும் முக்கியம். வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில், உணவும் தங்குமிடமும் பராமரிப்பும் சேர்த்து ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கம்பெனி நடத்தும் இடத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

கட்டிக்கொண்டிருக்கும் திட்டத்தில் வாங்கினால் எட்டு வீட்டுக்கு மேலோ, 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ இருப்பவை ‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பிரிக்கப்படாத நிலப்பங்கு ஆகியவற்றை உங்கள் வக்கீல் பார்க்கட்டும், அவர்கள் வக்கீல் அல்ல. மாதக் கட்டண இல்லமென்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் அதன் பதிவைப் பற்றி விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

குடியிருப்புக்குப் போகும் அவசரத்தில் பழைய வீட்டை மகன், மகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். எழுதத்தான் வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோருவதற்கு அந்த வரிதான் பிடிமானம்.

முதல் வருஷம் பழைய வீட்டை விற்காமல் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுங்கள். கேஸ் இணைப்பை ஒப்படைத்துவிட வேண்டாம். ஓர் அறையைப் பூட்டி, கட்டிலையும் பீரோவையும் அதிலேயே விட்டுவைத்தால், புது இடம் ஒத்துவராதபோது திரும்பி வர ஓர் ஆட்டோ போதும்.