எந்த நாட்டு வண்டி என்று கேட்பதற்கு முன்னால்: பைக் வாங்குவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தான். வேலைக்குப் போய் இரண்டு வருடம் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. “அண்ணா, பெங்களூருல ஒரு பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் செகண்ட்ஸ்ல வருது. அதே விலைக்கு ஓசூர்ல ஒரு அப்பாச்சி 310-உம் இருக்கு. ஜெர்மன் வண்டியையே எடுத்துடலாமா? பில்டு குவாலிட்டி நல்லா இருக்கும்ல?” என்று கேட்டான்.

அந்த ஜெர்மன் வண்டியைப் பார்க்கப் பெங்களூரு போனவன், அது பிறந்த ஊரைத் தாண்டித்தான் போயிருக்கிறான். பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் 2013-ல் ஒப்பந்தம் போட்டன. ஜி 310 ஆர் வண்டியை வடிவமைத்தது ஜெர்மனியில், செய்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியானதும் இங்கிருந்துதான். 2017 டிசம்பரில் வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310-ம் அதே தொழிற்சாலை, அடிப்படையில் அதே இன்ஜின். சிலிண்டர் பின்பக்கமாகச் சாய்ந்து, காற்று முன்னால் நுழைந்து புகை பின்னால் போகும் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. “அப்ப அதுவும் நம்ம ஊரு வண்டிதானா?” என்றான். அந்த ‘தானா’தான் என்னை இதை எழுத வைத்தது. நம் பக்கத்து வீட்டு அக்காவும் எதிர்வீட்டு அண்ணனும் ஷிப்டு பஸ் ஏறிப் போய்ச் செய்கிற பொருளை நாமே ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிறோம். எனக்கு அது மனதை உறுத்துகிறது.

பட்டறை வைப்பதற்கு முன்னால் ஓசூர் சிப்காட்டில், பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து தரும் ஒரு வெண்டர் கம்பெனியில் ஆறு வருடம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். என் கையில் எந்நேரமும் துளையின் அளவைச் சரிபார்க்கும் ஒரு கேஜ் இருக்கும். ஒரு முனை ‘கோ’, மறுமுனை ‘நோ-கோ’. துளைக்குள் கோ முனை வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், நோ-கோ முனை வாசலிலேயே நிற்க வேண்டும். கோ இறங்கவில்லை என்றால் துளை சிறுத்துவிட்டது, நோ-கோ இறங்கிவிட்டது என்றால் பெருத்துவிட்டது. இரண்டுமே சிவப்புப் பெட்டிக்குப் போகும்.

ஒரே மாதிரி பிராக்கெட்டை இரண்டு வாடிக்கையாளர்களுக்குச் செய்தோம். அதே மெஷின், அதே ஆள், அதே இரும்புத் தகடு. ஒருவருடைய வரைபடத்தில் துளைக்கான விலக்கம், அதாவது அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்பது, தாராளமாக இருக்கும், இன்னொருவருடையதில் பாதிதான். அவர் பூச்சும் கூடுதலாகக் கேட்பார், உப்பு நீர்ச் சோதனையில் இத்தனை மணி நேரம் துருப்பிடிக்கக் கூடாது என்பார், அதற்கான காசும் தருவார். இரண்டு பெட்டிகளும் ஒரே லாரியில் ஏறும். நாடு ஒன்று, ஊர் ஒன்று, தரம் இரண்டு. ஒரு பொருள் எவ்வளவு நன்றாக வரும் என்பதை வரைபடமும், அதற்கு ஒதுக்கிய பணமும், கடைசியில் கேஜோடு நிற்கிற ஆள் கண்ணை மூடாமல் இருப்பதும்தான் முடிவு செய்தன.

ஆகவே முதல் தவறு, பெயர்ப்பலகையில் உள்ள நாட்டையே வண்டி செய்த நாடு என்று நினைத்துக்கொள்வது. இங்கிலாந்து வண்டி என்று நாம் சொல்லும் டிரையம்ப் போன்வில் தாய்லாந்தில் வருகிறது. டிரையம்ப் ஸ்பீடு 400-ம் ஆஸ்திரியப் பெயர் கொண்ட கேடிஎம் 390 டியூக்கும் புனே பக்கத்தில் சாக்கனில் பஜாஜ் செய்பவை. அமெரிக்கப் பெயருள்ள ஹார்லி எக்ஸ் 440 ராஜஸ்தானில் ஹீரோ தொழிற்சாலையில் உருவாகிறது. இதை எல்லாம் யாரும் மறைக்கவில்லை. வண்டியின் சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரைப் பார்த்தாலே தெரியும். இந்திய வண்டி என்றால் பெரும்பாலும் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கும்: டிவிஎஸ்ஸுக்கு எம்.டி.6, பஜாஜுக்கு எம்.டி.2, ராயல் என்பீல்டுக்கு எம்.இ.3. ஜப்பானுக்கு ‘ஜே’. ஷோரூமில் குனிந்து ஒருதரம் பார்த்துவிட்டால் போதும்.

ஒரே வண்டிக்குள்ளேயே எத்தனை நாடு என்பதும் யோசிக்க வேண்டியது. அப்பாச்சி ஆர்ஆர் 310-ல் சஸ்பென்ஷன் ஜப்பானின் கேஒய்பி பெயரில், டயர் பிரான்சின் மிஷலின் பெயரில். நடுத்தர பைக்குகளில் நாம் பார்க்கும் பைபிரே பிரேக், இத்தாலியின் பிரெம்போ நிறுவனம் இந்தியாவில் செய்வது. இதில் ‘எந்த நாட்டு வண்டி’ என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்ல?

அடுத்தது, எங்கள் தலைமுறைக்கே உரிய தவறு: ‘ஜப்பான் இன்ஜின்’ மோகம். தர்மபுரி பக்கம் யமஹா ஆர்எக்ஸ் 100 விற்கிறவர்கள் இன்றைக்கும் முதலில் காட்டுவது கார்புரேட்டரில் உள்ள ‘மேட் இன் ஜப்பான்’ எழுத்தைத்தான். 1985-ல் அந்த வண்டி வந்தபோது முதல் தொகுதிகள் ஜப்பானில் இருந்து உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்பட்டவை, உண்மைதான். நல்ல வண்டி என்பதும் உண்மை. ஆனால் 1996-ல் உற்பத்தியே நின்றுபோன வண்டி அது. இப்போது நம் கைக்கு வருவதில் ஜப்பான் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பத்து பட்டறை மாறி வந்திருக்கும்.

போன வருடம் பாலக்கோட்டில் இருந்து ஒருவர் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். எழுத்துக்காகவே நல்ல தொகை கூடுதலாகக் கொடுத்திருந்தார். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் 1.00 என்று குத்தியிருக்கிறது. கம்பெனியில் இருந்து வரும்போது சிலிண்டர் துளை 50 மில்லிமீட்டர். தேய்ந்தால் 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டர் என்று படிப்படியாகச் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். 1.00 என்றால் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. இனி சிலிண்டர் மாற்றியே ஆக வேண்டும். கார்புரேட்டர் ஜப்பான்தான். அதற்குக் கீழே இருந்தது எதுவும் ஜப்பானும் இல்லை, சரியாகவும் இல்லை. பழைய வண்டி வாங்கும்போது எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு பிஸ்டன் எந்தச் சைஸ் என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியாது என்றால் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய்க் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

கையால் செய்த வெளிநாட்டு வண்டி என்றாலே உசத்தி என்பதும் இந்த வகைதான். நார்ட்டன் என்ற பழம்பெரும் இங்கிலாந்து நிறுவனத்தை 2020 ஏப்ரலில் நம் ஓசூர் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பழைய நிர்வாகத்தின்போது இங்கிலாந்திலேயே கையால் பூட்டிய வி4 எஸ்எஸ் என்ற விலை உயர்ந்த வண்டியைப் புதிய நிர்வாகம் பிரித்துப் பார்த்தது. முப்பதுக்கும் மேற்பட்ட குறைகள். வைத்திருப்பவர்களிடம் ஓட்ட வேண்டாம் என்றே சொல்ல வேண்டி வந்தது. அதே டிவிஎஸ் 2002-லேயே டெமிங் விருது வாங்கியது. தரத்துக்காக ஜப்பான்காரர்கள் கொடுக்கும் விருது அது.

அதற்காக ஓசூர் வண்டியில் குறையே வராது என்று நான் சொன்னால் அது பொய். ஜி 310 வண்டிகளில் சைடு ஸ்டாண்டு பொருந்தும் இடத்தில் பிரேம் பாதிக்கப்படலாம் என்று 2018-ல் வெளிநாடுகளில் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். உடனே ‘பார்த்தீர்களா, இந்தியாவில் செய்தது’ என்றார்கள் பலர். அதற்கு முந்தைய வருடம்தான் பெர்லினில் செய்த ஆர் 1200 ஜிஎஸ் வண்டிகளை முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் (fork) குழாய்ப் பிரச்சினைக்காக உலகம் முழுக்கத் திரும்ப அழைத்திருந்தார்கள். அப்போது ஜெர்மனியை யாரும் குறை சொல்லவில்லை. ஒரு பாகம் எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்று வரைபடத்தில் குறைவாகக் கணக்குப் போட்டால், எந்த ஊரில் வெல்டு அடித்தாலும் அது ஒருநாள் விரியும். ரீகால் செய்தியைக் கண்டால் பயந்து ஓடாதீர்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சத்தமில்லாமல் விட்டுவிட்ட குறையை நினைத்துத்தான் பயப்பட வேண்டும்.

விலையை வைத்து முடிவு செய்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முழுதாக இறக்குமதியாகும் பைக்குக்கு ஐம்பது சதவீதம் சுங்க வரி இருந்தது. 2025 பட்ஜெட்டில் 1600 சிசி வரை நாற்பதாகக் குறைத்தார்கள். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகிறது, போல்ட்டுக்குள் போகவில்லை.

நாடு கொஞ்சமும் பொருட்டில்லையா என்றால், சில விஷயங்களில் பொருட்டுத்தான். எந்த ஊர் ஓட்டத்துக்கு என்று யோசித்துச் செய்தார்கள் என்பது முக்கியம். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். நம் ஊரை மனதில் வைத்துப் பூச்சுக் கொடுத்த போல்ட் அங்கே போனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதேபோல் நம் பக்கத்துக் கிரானைட் குவாரித் தூசியும் போர்வெல் உப்புத் தண்ணீரும் அவர்கள் பார்க்காதவை. அப்புறம் ஸ்பேர். வெளியில் இருந்து வரும் வண்டிக்கு ஒரு கிளட்ச் லீவர் உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். ஓசூரில் செய்யும் வண்டிக்கு அந்தக் கவலை குறைவு.

சரி, தரத்தை எப்படித்தான் பார்ப்பது? ஷோரூமில் பதினைந்து நிமிடம் கேளுங்கள், பகல் வெளிச்சத்தில். ஹேண்டில் பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். கழுத்துக்குப் பக்கத்தில் ஒயர்க் கட்டு இழுபடுகிறதா, பிரேமில் உரசுகிறதா என்று பாருங்கள். இரண்டு வருடம் கழித்து ‘திடீரென்று நின்னுடுச்சு’ என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் நான் பார்த்தது இந்த இடத்தில்தான். பிரேக் காலிப்பர், ஆக்சில், இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகளில் தலையில் இருந்து பிரேம் வரை ஒரு பெயின்ட் கோடு இருக்கும். சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்சில் இறுக்கிய ஆள் போட்ட அடையாளம் அது. கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. உடைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள் அல்லது தளர்ந்திருக்கிறது. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் வெல்டிங்கில் விரலை ஓட்டுங்கள், ஒரே அலையாக வர வேண்டும். டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். வண்டி யார்டில் எத்தனை மாதம் வெயிலில் நின்றது என்று அது சொல்லிவிடும்.

வாங்கிய பிறகு நாம் கெடுப்பதையும் கம்பெனி தலையில் கட்டுகிறோம். ஆயில் டிரெயின் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்கி அலுமினியத் திரெட்டைப் பிய்த்து விடுவார்கள், அப்புறம் ‘மெட்டல் மட்டம்’ என்பார்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்து, பிரேக் சரியில்லை என்று என்னிடம் கொண்டுவந்த வண்டிகள் உண்டு. கியரில் இறக்கினாலே போதும், உயிரும் மிஞ்சும்.

அந்தத் தம்பியோடு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு போனேன். பிஎம்டபிள்யூவின் முன் டயர் ஆறு வருடப் பழசு. போர்க் சீலில் எண்ணெய்க் கசிவு. பின் ஆக்சில் நட்டில் பெயின்ட் கோடு உடைந்து, செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் வெவ்வேறு கோட்டில் நின்றது. திரும்பும் வழியில் ஓசூரில் இறங்கி அப்பாச்சியைப் பார்த்தோம். அவன் என்னைக் கேட்காமலே ஹேண்டில் பாரைத் திருப்பினான், மொபைல் லைட்டைப் போட்டு ஒயரைப் பார்த்தான், குனிந்து டயர் நம்பரைப் படித்தான். பிறகு எழுந்து, “அண்ணா, இதுல கோடு எல்லாம் நேரா இருக்கு” என்றான்.