நாற்பது பிள்ளைகளையும் இங்கிலீஷ் பேச வைப்பது எப்படி?

ஒரு சின்னக் கணக்கு. வகுப்பில் 40 பிள்ளைகள், பீரியட் 40 நிமிடம். நாம் வாயே திறக்காமல் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவிட்டால்கூட ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும், ஆனால் முக்கால்வாசி நேரம் பேசுவதே நாம்தான், மீதியை முன் பெஞ்சில் நாலு பேர் எடுத்துக்கொள்வார்கள், கடைசி பெஞ்ச் நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இங்கிலீஷ் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே சமயத்தில் இருபது பேர் பேசுகிற மாதிரி வகுப்பை மாற்றுங்கள். அதாவது, இரண்டிரண்டு பேராக.

'ஜோடியாகப் பேசுங்கப்பா' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நடக்காது. மூன்று வருடமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவனிடம் போய் 'வாட் இஸ் யுவர் நேம்?' கேட்கச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வான். ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியக்கூடாது, கேட்டால்தான் வேலை முடியும் என்று இருக்க வேண்டும். இன்பர்மேஷன் கேப் என்பது இதுதான்.

போச்சம்பள்ளி சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி, புளி, முட்டை, கத்தரிக்காய், செந்தூரா மாம்பழம், மல்கோவா மாம்பழம் என்று ஆறு சரக்கை இங்கிலீஷில் எழுதி இரண்டு சீட்டு தயார் செய்யுங்கள். முதல் சீட்டில் மூன்றுக்கு விலை இருக்கும், மற்ற மூன்று காலி. இரண்டாவது சீட்டில் அப்படியே தலைகீழ். 'ஹவ் மச் இஸ் த டாமரிண்ட்?', 'ஹவ் மச் ஆர் தி எக்ஸ்?' என்று கேட்டு நிரப்ப வேண்டும். இஸ் எங்கே, ஆர் எங்கே என்று போர்டில் எழுதி விளக்கியும் ஏறாதது, இரண்டு பேருமாக ஆறு முறை கேட்டால் தானாக நாக்கில் உட்கார்ந்துவிடும். சீட்டை எட்டிப் பார்ப்பார்கள், கட்டாயம் பார்ப்பார்கள். நடுவில் புத்தகப் பையை நிறுத்தி வையுங்கள். மறுநாள் விலையை மட்டும் மாற்றி, கையில் 200 ரூபாய்தான் இருக்கிறது என்று சொல்லிப் பேரம் பேச விடுங்கள். அம்மாவோடு சந்தைக்குப் போய்ப் பழகிய பிள்ளைகள் இதில் நம்மையே அசத்திவிடும்.

வாக்கியம் நீளமாக இருந்து வாயில் நுழையவில்லை என்றால் வாலிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் 'அட் காவேரிப்பட்டணம்', அப்புறம் 'ஸ்டாப் அட் காவேரிப்பட்டணம்', அப்புறம் 'திஸ் பஸ் ஸ்டாப் அட் காவேரிப்பட்டணம்', கடைசியில் முன்னால் 'டஸ்'. முன்பக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டு போனால் பாதியில் குரல் இறங்கிவிடும். வாலிலிருந்து சேர்த்தால் கேள்வியின் முடிவு ஒவ்வொரு தடவையும் சரியான ராகத்திலேயே விழும்.

எழுத்துக்கு ரன்னிங் டிக்டேஷன். நாலே வரி: 'மை அங்கிள் ஹாஸ் எ மேங்கோ கார்டன். இன் ஜூன் ஹி செல்ஸ் த ஃப்ரூட் டு எ பல்ப் ஃபேக்டரி...' என்கிற மாதிரி, ஊர் விஷயமாக எழுதி வராந்தா சுவரில் நாலைந்து இடத்தில் ஒட்டுங்கள். ஒருவன் ஓடிப்போய்ப் படித்து, மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து சொல்ல வேண்டும், மற்றவன் எழுத வேண்டும். பாதியில் ஆள் மாற்றுங்கள். படிப்பது, நினைவு வைப்பது, சொல்வது, கேட்பது, எழுதுவது எல்லாம் ஒரே வேலையில் வந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும்: ஓடுகிறவன் சுவரிலிருந்தபடியே கத்திச் சொல்லக்கூடாது, பேனாவையும் தொடக்கூடாது.

'அண்டர்ஸ்டாண்ட்?' என்று கேட்பதை விட்டுவிடுங்கள், 'எஸ் மிஸ்' தவிர வேறு பதில் வராது. 'மை ஃபாதர் யூஸ்டு டு வொர்க் இன் பெங்களூர்' என்று நடத்தினால், அப்பா இப்போதும் அங்கே வேலை செய்கிறாரா, ஒரே ஒரு நாள்தான் போனாரா என்று கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும். கேட்டுவிட்டு மூன்று நொடி சும்மா இருங்கள். 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளைக் கவனித்த கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாக வருகின்றன என்றும் கண்டார். இங்கிலீஷில் பதிலைக் கூட்டிச் சேர்க்கிற பிள்ளைக்கு அந்த மூன்று நொடி இன்னும் அவசியம்.

தமிழில் விளக்கலாமா? தாராளமாக. விளையாட்டின் விதியைத் தமிழில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது, இங்கிலீஷில் பத்து நிமிடம் திண்டாடுவதைவிட மேல். ஆனால் கர்நாடக எல்லையை ஒட்டிய தளி, பாகலூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத் தமிழே இரண்டாவது மொழி. அங்கே இரண்டு பேரை முன்னால் நிறுத்திச் செய்து காட்டிவிடுவதுதான் சுலபம்.

பேசும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். 'இஸ்கூல்' என்று சொன்னால் இப்போதைக்குப் போகட்டும். சுற்றி வரும்போது காதில் விழும் தப்புகளைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் பேர் சொல்லாமல் போர்டில் எழுதி, அவர்களையே திருத்தச் சொல்லுங்கள்.

சத்தம் வரும், ஹெச்எம் எட்டிப் பார்ப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நீங்கள் கையைத் தூக்கினால் பிள்ளைகள் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று பழக்குங்கள். பக்கத்து வகுப்பில் பரீட்சை நடக்கும் நாளில் மட்டும் ஓட்டம் வேண்டாம், சந்தைச் சீட்டைக் கொடுத்து வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுங்கள்.