‘ஷட்’: ஒரு சின்னச் சொல்லை முழுசாகக் கற்றுக்கொள்வோம்

ஐப்பசி மழையில் மரக்கதவு உப்பிப்போய் நிலைக்குள் போகாமல் அடம்பிடிக்கும். அப்படி ஒரு நாள் மாலை வகுப்பில், “கதவு சாத்த மாட்டேங்குது என்பதை இங்கிலீஷில் சொல்லுங்கள்” என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு பேரில் பாதிப்பேர் “டோர் நாட் க்ளோஸிங்” என்றார்கள். கேட்பவருக்குப் புரியும். ஆனால் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர் “தி டோர் வோன்ட் ஷட்” என்பார். ‘வோன்ட்’ என்றால் ‘மாட்டேன்’. நம்மைப் போலவே அவர்களும் கதவை அடம்பிடிக்க வைக்கிறார்கள்! அன்றைக்கு வகுப்பு முழுக்க இந்த ‘ஷட்’தான் ஓடியது. அதையே இங்கே படிப்படியாகத் தருகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வாயால் சொல்லிப் பழகுங்கள்

‘ஷட்’ என்று வெட்டி நிறுத்துங்கள். கடைசியில் ஓர் உகரம் சேர்த்து ‘ஷட்டு’ என்று இழுப்பது நம் நாக்கின் பழக்கம். ‘ட்’ வந்ததும் நாக்கை மேலே ஒட்டியபடியே நிறுத்திவிட்டால் சரியாக வந்துவிடும். இதன் ஜோடியான ‘க்ளோஸ்’ கொஞ்சம் கவனம் கேட்கும். மூடு என்ற பொருளில் அதன் கடைசி ஒலி வண்டு ரீங்கரிப்பது போல அதிர வேண்டும். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும். ‘பக்கத்தில்’ என்ற பொருளில் வரும் ‘க்ளோஸ்’ மட்டும் அதிராமல் வெறும் காற்றாக முடியும். எழுத்து இரண்டுக்கும் ஒன்றே, ஒலி வேறு.

படி 2: மூன்று காலத்துக்கும் ஒரே உருவம்

இன்றும் ஷட், நேற்றும் ஷட், ‘ஹேவ்’ சேர்ந்தாலும் ஷட். ‘ஷட்டட்’ என்று ஒரு சொல்லே கிடையாது. கட், புட், ஹிட், ஹர்ட் எல்லாம் இதே குடும்பம். ‘ஷட்டிங்’ என்று எழுதும்போது மட்டும் ‘டி’ எழுத்தை இரண்டு முறை போடுங்கள்.

அப்படியானால் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? “ஹி ஷட்ஸ் தி ஷாப் அட் நைன்” என்றால் தினமும் ஒன்பதுக்குச் சாத்துகிறார். “ஹி ஷட் தி ஷாப் அட் நைன்” என்றால் சாத்தினார், முடிந்தது. ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ வந்தும் ‘ஸ்’ இல்லாவிட்டால் அது இறந்தகாலம். ‘ஐ’, ‘தே’ வரும் வாக்கியங்களில் இந்த அடையாளம் கிடைக்காது. அங்கே ‘எவ்ரிடே’ இருக்கிறதா, ‘யெஸ்டர்டே’ இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

படி 3: சொல்லின் வேரைப் பிடியுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். இது விளங்கிவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஷட்’டின் மூதாதைச் சொல்லுக்குக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளிப் போடுவது என்று பொருள். எய்வது, சுடுவது என்ற பொருள் தரும் ‘ஷூட்’டுக்கு அது நெருங்கிய உறவு. தாழ்ப்பாள் சட்டென்று பாய்ந்து துளைக்குள் போகிறதல்லவா, அந்தப் பாய்ச்சல்தான் இரண்டுக்கும் பொது. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்தோடும் நாடாவுக்கு ஆங்கிலத்தில் ‘ஷட்டில்’ என்று பெயர். அதுவும் இதே வேர். நாம் கடையில் இழுத்து இறக்கும் ‘ஷட்டர்’ நேரடியாக ‘ஷட்’டிலிருந்தே பிறந்தது.

‘க்ளோஸ்’ வந்த வழி வேறு. வட பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக ஏராளமான லத்தீன் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. அப்படி வந்தவற்றில் இதுவும் ஒன்று. இன்க்ளூட், எக்ஸ்க்ளூட், கன்க்ளூட் எல்லாம் இதற்குப் பங்காளிகள்.

ஆகவே ‘ஷட்’ வீட்டுச் சொல். கையால் தொட்டு, கொஞ்சம் வேகத்தோடு, இடைவெளி இல்லாமல் சாத்துவது. ‘க்ளோஸ்’ மெதுவாகவும் மூடும், அலுவலகத்துக்கும் போகும், கண்ணுக்குத் தெரியாத விஷயங்களையும் முடித்துவைக்கும்.

படி 4: எங்கே எது?

கதவு, ஜன்னல், பெட்டி, புத்தகம், கண், வாய், கடை: இவற்றுக்கெல்லாம் இரண்டுமே பொருந்தும். “ஷட் யுவர் ஐஸ்” என்றாலும் சரி, “க்ளோஸ் யுவர் ஐஸ்” என்றாலும் சரி. முன்பின் தெரியாதவரிடம் பேசும்போது “குட் யு க்ளோஸ் தி டோர், ப்ளீஸ்” என்பது இன்னும் இதமாக ஒலிக்கும்.

வங்கிக் கணக்கு, கூட்டம், பேரம், சாலை, வழக்கு என்று வந்துவிட்டால் ‘க்ளோஸ்’ மட்டும்தான். “ஐ வான்ட் டு ஷட் மை அக்கவுன்ட்” என்று சொல்லாதீர்கள். கணக்குக்குத் தாழ்ப்பாள் ஏது?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்க வேண்டிய இடத்திலும் ‘ஷட்’ பொதுவாக வராது. ‘எ க்ளோஸ்டு டோர்’ என்பதே வழக்கம். பின்னால் வரலாம்: “தி டோர் இஸ் ஷட்.” கூடவே ஒன்று சொல்லிவிடுகிறேன். “ஷாப் இஸ் க்ளோஸ்” என்பது நாம் அடிக்கடி செய்யும் பிழை. “க்ளோஸ்டு” என்று முடியுங்கள், இல்லாவிட்டால் கடை பக்கத்தில் இருக்கிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்திலிருந்து வருகிறது. தமிழில் கதவைச் சாத்துகிறோம், பானையை மூடுகிறோம், ஓட்டையை அடைக்கிறோம், காதைப் பொத்துகிறோம், விளக்கை அணைக்கிறோம். எதை மூடுகிறோம் என்பதைப் பொறுத்து நம் சொல் மாறுகிறது. இத்தனையையும் ஒரே ‘க்ளோஸ்’ஸில் கொட்டிவிடுவதால்தான் ‘க்ளோஸ் தி லைட்’ பிறக்கிறது. விளக்குக்கும் குழாய்க்கும் ‘டர்ன் ஆஃப்’, பானைக்கு ‘புட் தி லிட் ஆன்’, காதுக்கு ‘கவர்’ என்று தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெண் சின்ன வயதில் கதவிடுக்கில் விரலை விட்டு நசுக்கிக்கொண்டு அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை ஆங்கிலத்தில் “ஷி ஷட் ஹெர் ஃபிங்கர் இன் தி டோர்” என்பார்கள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘விரலைக் கதவுக்குள் சாத்தினாள்’ என்று விநோதமாக இருக்கும். ஆனால் அங்கே அதுதான் இயல்பான பேச்சு. இந்த வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்.

படி 5: வால் சேர்ந்தால் பொருள் மாறும்

‘ஷட் டவுன்’ என்றால் இயங்கிக்கொண்டிருப்பதை நிறுத்துவது. ஆலை, கணினி எல்லாவற்றுக்கும் வரும். கணினியில் திறந்திருக்கும் ஒரு ஜன்னலை மட்டும் மூடினால் அது ‘க்ளோஸ்’. மொத்த இயந்திரத்தையும் நிறுத்தினால் ‘ஷட் டவுன்’.

தண்ணீர், காஸ், மின்சாரம் போன்று வந்துகொண்டிருப்பதைத் தடுத்து நிறுத்துவது ‘ஷட் ஆஃப்’. வெளியே நிறுத்தி உள்ளே வரவிடாமல் தடுப்பது ‘ஷட் அவுட்’. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும்கூட இதைச் சொல்வார்கள்.

‘ஷட் அப்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவரை உள்ளே வைத்து அடைப்பது என்பதும் இதன் பொருள்தான். ‘ஷட் அப் ஷாப்’ என்றால் கடையைக் கட்டிவிட்டுப் போவது. ஆனால் தனியாக “ஷட் அப்!” என்றால் ‘வாயை மூடு’ என்ற அதட்டல். நம் வீடுகளில் குழந்தைகளிடம் இதைச் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். தமிழில் சொல்லத் தயங்கும் கடுமை இங்கிலீஷில் உறைப்பதில்லை. கேட்கும் குழந்தைக்கு அது உறைக்கிறது. “பி க்வயட், ப்ளீஸ்” என்று சொல்லிப் பழகுங்கள். அமெரிக்காவில் நண்பர்களுக்குள் ‘அட, நிஜமாவா!’ என்ற வியப்பிலும் “ஷட் அப்!” என்பார்கள். மிக நெருங்கியவர்களிடம் மட்டும்தான் அது எடுபடும்.

படி 6: நீங்களே செய்து பாருங்கள்

விடையை மறைத்துக்கொண்டு முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மழை வருது, ஜன்னலைச் சாத்து.
நேத்து அவர் கடையைச் சீக்கிரமே சாத்திட்டார்.
இந்தக் கணக்கை மூடணும்.
குழாயை மூடு.
பெட்டி மூட மாட்டேங்குது.

விடைகள்: “ஷட் தி விண்டோ, இட்ஸ் ரெய்னிங்.” “ஹி ஷட் தி ஷாப் எர்லி யெஸ்டர்டே.” “ஐ வான்ட் டு க்ளோஸ் திஸ் அக்கவுன்ட்.” “டர்ன் ஆஃப் தி டேப்.” ஐந்தாவதற்கு விடை தரவில்லை. மழையில் உப்பிய அந்தக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள், கதவின் இடத்தில் ‘பாக்ஸ்’ என்று மட்டும் மாற்றினால் போதும்.