"இன்னும் கல்லைக்கூடத் தொடலையே!": அவுட்லேண்டர் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் எபிசோட் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மச்சான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "இன்னும் கல்லைக்கூடத் தொடலையே, இதுதான் காலம் தாண்டுற கதையா?" என்றார். 2025 ஆகஸ்ட் லீவு. இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் விடாத மழை. அம்மா, அக்கா, மச்சான், பேராதனை கேம்பஸிலிருந்து வந்திருந்த அக்கா மகள், நான் என்று ஐந்து பேரும் ஒரே டீவிக்கு முன்னால். அவுட்லேண்டரைப் போட்டது நான்தான். இந்தத் தொடரைப் பார்க்கும்போது செய்யக்கூடாத தவறுகளில் பாதியை அன்றைக்கு நானே செய்தேன். மீதியை மச்சான் பார்த்துக்கொண்டார்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இரண்டாம் உலகப் போரில் நர்ஸாக இருந்த கிளேர், போர் முடிந்த 1945-இல் கணவன் ஃபிராங்குடன் ஸ்கொட்லாந்தின் இன்வர்னெஸ்ஸுக்கு இரண்டாவது தேனிலவு போகிறாள். அங்கே குன்றின் மேல் பழைய கல் வட்டம் ஒன்று. அதில் ஒரு கல்லைத் தொட்டதும் 1743-இல் போய் விழுகிறாள். டயானா கபால்டனின் முதல் நாவல் 1991-இல் வந்தது. ரொனால்ட் மூர் அதைத் தொடராக்கி, 2014-இல் ஒளிபரப்பு தொடங்கியது. ஏழு சீசன்களில் மொத்தம் 91 எபிசோட், எட்டாவது சீசனோடு முடிவு. ஆக, அவசரப்படுகிறவருக்கு இது தோதான பொருள் இல்லை.

மச்சான் செய்த தவறு எல்லோரும் செய்வது. கல்லைத் தொடுகிற இடத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது என்று நினைத்து, அதற்கு முன்னால் வருவதையெல்லாம் விளம்பரம் போலக் கடத்தப் பார்ப்பது. முதல் எபிசோட்டில் பாதி தாண்டிய பிறகுதான் கிளேர் கல்லைத் தொடுகிறாள், உண்மை. ஆனால் அந்தப் பாதியில் என்னவெல்லாம் நடக்கிறது? புருஷனும் பெண்சாதியும் இடிந்த கோட்டை ஒன்றைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அதே கோட்டை பின்னால் கூரையும் புகையும் சனமுமாக நிற்கும்போது, கிளேருக்கு வருகிற கிறுகிறுப்பு நமக்கும் வரவேண்டும் என்றால் இடிபாட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஃபிராங் சரித்திர ஆசிரியர். வாய் ஓயாமல் பேசுகிறவர். காக்னமன் பாறையில் ஆங்கிலேயப் படை ஒளிந்திருந்து தாக்குமாம் என்று போகிறபோக்கில் ஒரு கதை சொல்லுவார். அந்த ஒரு வரிதான் 1743-இல் கிளேரின் உயிரைப் பிடித்து வைக்கிறது. பாதிரியார் வீட்டில் மிசிஸ் கிரஹாம் கிளேரின் கப்பின் அடியில் ஒட்டிய தேயிலையைப் பார்த்துக் குறி சொல்லுவாள், கையைப் பிடித்து கலியாண ரேகை இரண்டாகக் கிளைக்கிறது என்பாள். அதற்கு மேல் கதைச்சுருக்கமே வேண்டாம்.

அந்தக் காட்சியில் அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். "எல பெருசா இருக்கே. நம்ம ஊட்டு டஸ்ட்டுல குறி பாக்க ஏலாது" என்றார். 1945-இல் ஸ்கொட்லாந்து சமையற்கட்டில் கொதித்த அந்தத் தேயிலை எந்த மலையில் பறித்ததோ என்று அப்புறம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"இழுவை" என்ற குறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். இதைச் சொல்கிறவர்கள் பலர் காமன் கூத்துக்கு விடிய விடியப் பனியில் உட்கார்ந்தவர்கள்தான். மாசியில் காமன் ஊன்றிய நாளிலேயே முடிவு எல்லோருக்கும் தெரியும்: சிவன் கண்ணைத் திறப்பார், மதன் எரிவான், ரதி அழுவாள். தெரிந்தும் யாரும் எழுந்து போவதில்லை. என்ன நடக்கும் என்பதற்காக அங்கே யாரும் உட்காருவதில்லை, தெரிந்ததை நோக்கி ஒரு மனுஷன் எப்படி நடந்து போகிறான் என்று பார்க்கத்தான் உட்காருகிறோம். அவுட்லேண்டரும் அதே வகை. ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்ல்ஸ், பறிபோன அரியணையை மீட்க 1745-இல் படை திரட்டினார். 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் மைதானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் அது மண்ணானது. இது பள்ளிப் புத்தகச் செய்தி. கிளேருக்கும் தெரியும். தன்னோடு சாப்பிடுகிற, சிரிக்கிற, தன்னிடம் கட்டுப்போட வருகிற இத்தனை ஆண்களில் பாதிப் பேருக்கு மூன்று வருஷம்தான் என்று அவளுக்குத் தெரிந்திருப்பதுதான் கதை. ஆட்டுக்கறி வேகிற காட்சி நீளுவது அதனால்தான். வேகிற நேரம் அவர்களுக்குக் குறைவு.

இது பிடிபடாதவர்கள் இரண்டு சீசன் முழுக்கப் போர்க்களத்துக்குக் காத்திருந்து ஏமாறுகிறார்கள். கல்லோடன் வருவது மூன்றாவது சீசனின் முதல் எபிசோட்டில், அதுவும் அடிபட்டுக் கிடக்கிற ஒருவனின் ஞாபகத் துண்டுகளாக. குதிரையும் குண்டுமாக நாற்பது நிமிஷம் எதிர்பார்க்கிறவர்கள் வேறு படம் தேடிக்கொள்வது நல்லது. எரிச்சலில் சொல்லவில்லை, பொருத்தம் பார்த்துச் சொல்கிறேன்.

வேகத்தைக் கூட்டி ஓடவிடுவதும், "இருபது நிமிஷத்தில் முழுக்கதை" வீடியோவைப் பார்த்துவிட்டுத் தொடரைப் பார்த்ததாகச் சொல்லுவதும் அடுத்த தவறு. அந்த வீடியோக்களில் காக்னமன் பாறை இருக்காது, தேயிலைக் குறி இருக்காது. "நம்ம ஹீரோயின்" கல்லைத் தொட்டு, "நம்ம ஹீரோ"வைக் கட்டிக்கொள்வாள். அதை மட்டும் பார்த்துவிட்டு "காதல் கதைதானே" என்றால், ஆமாம், அதில் மிச்சம் இருப்பது அதுதான்.

மச்சானுக்கு இன்னொரு குழப்பம். சிவப்புக் கோட்டில் வந்த அதிகாரியைப் பார்த்ததும், "இவ புருஷனும் பின்னாலயே வந்துட்டானா?" என்றார். இல்லை. அது ஃபிராங்கின் முன்னோர், ஜாக் ரேண்டல். இரண்டு வேடமும் டோபயஸ் மென்சீஸ் என்ற ஒரே நடிகர். அன்பான கணவனின் முகமே கொடூரனின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழப்பம் நமக்கு ஒரு நிமிஷம், கிளேருக்குக் கதை முழுக்க.

மலைக்குலத்தார் பேசுகிற கேலிக் மொழி வரும்போது அடியில் எழுத்து ஓடாது. மச்சான் சப்டைட்டில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, வேறு சப்டைட்டில் தேடியே கால் மணி நேரத்தைத் தின்றார். வேண்டுமென்றே செய்தது அது. கிளேருக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆகவே நமக்கும் தெரியக்கூடாது. தாத்தா காலத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத் துரை இங்கிலீஷில் ஏசியபோது அடியில் யாரும் எழுத்து ஓட்டவில்லை. முகத்தைப் பார்த்தார்கள், கையில் இருந்த பிரம்பைப் பார்த்தார்கள், விளங்கிக்கொண்டார்கள். அந்தக் காதோடு உட்கார்ந்தால் காட்சி நன்றாகவே விளங்கும். அவர்கள் கிளேரைக் கூப்பிடுகிற "சசனாக்" என்ற சொல்லுக்கு ஆங்கிலேயர், வெளியாள் என்று பொருள். அது வசவாக ஆரம்பித்து, அங்கே அவள் கட்டிக்கொள்கிற ஜேமியின் வாயில் செல்லப்பெயராவதை, எழுத்து இல்லாமலே அம்மா பிடித்துவிட்டார்.

இனி எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு தவறு. தொடரில் வருகிற மலைப்பிரதேசத்துக்குப் பெயர் ஹைலேண்ட். அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு முதலில் யோகட், அடுத்தது ஹட்டனில் உள்ள பள்ளிக்கூடம். சொல்லை உடைத்துப் பார்த்தால் ஹைலேண்டர் என்பதும் மலையகத்தான் என்பதும் ஒன்றுதான். போதாததற்குத் தோட்டப் பெயர்கள் வேறு. 1745-இல் சார்ல்ஸ் இளவரசர் எடின்பரோவில் கொலுவிருந்த அரண்மனை ஹோலிரூட். எங்கள் தலவாக்கலையில் ஹோலிரூட் தோட்டம். டிக்கோயாப் பக்கம் டன்கெல்ட். கீழே களுத்துறை மாவட்டத்தில் கல்லோடன் என்றே ஒரு ரப்பர் தோட்டம். இதையெல்லாம் நான் பெருமையாக எடுத்துவிட, அக்கா, "அப்ப இந்தப் பாவப்பட்டவங்கதான் நம்ம துரைமாரோட பாட்டன்களா?" என்று கேட்டுவிட்டார்.

உடனே ஆமாம் என்று சொன்னது என் தவறு. ஸ்கொட்லாந்தியர் என்றாலே மலைக்குலத்து வீரர் என்று தொடர் நம்மை நினைக்க வைத்துவிடும். 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். அது வடகிழக்குக் கரைப்பக்கம், தொடரில் வருகிற குலத்தலைவர்களின் மலைப்பிரதேசம் இல்லை. பதினாறு வயதில், 1852-இல் இங்கே வந்தார். லிப்டன் கிளாஸ்கோ நகரத்துக் கடைக்காரர் மகன். தோற்ற மலைக்குலத்தாரின் கதையும் ஒரே நிறத்தில் முடியவில்லை. கல்லோடனுக்குப் பின் அவர்களுடைய கட்டம்போட்ட உடைக்கே தடை போட்டது அரசாங்கம். 1782 வரை அந்தத் தடை இருந்தது. அதே காலத்தில் அந்த மலைகளிலிருந்து ஆட்கள் பிரித்தானியப் பட்டாளத்தில் சேர்ந்து, பிறத்தியார் மண்ணைப் பிடிக்கப் போனார்கள். பாவம் என்று ஒரேயடியாக உருகவும் வேண்டாம், துரை சாதி என்று ஒரேயடியாக முகத்தைத் திருப்பவும் வேண்டாம்.

இதே வரிசையில்தான் "ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை" என்று சுருக்குவதும். கல்லோடனில் அரசாங்கப் படையிலும் ஸ்கொட்லாந்தியர் நின்றார்கள். எதிர்ப்பக்கம் அயர்லாந்துக்காரர், பிரெஞ்சுக்காரர், சில ஆங்கிலேயரும்கூட. ஒரே குடும்பம் இரண்டு பக்கமாகப் பிரிந்ததும் உண்டு. எந்தச் சண்டையைக் கண்டாலும் நம் நாட்டுச் சண்டையை அதன்மேல் பொருத்திப் பார்க்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. இங்கே அந்தச் சட்டை பொருந்தாது.

வெட்கத்தை விட்டு ஒன்று. இதைக் குடும்பத்தோடு ஹாலில் போடாதீர்கள். முதல் எபிசோட்டில் அந்த இடிந்த கோட்டைக்குள் கிளேரும் ஃபிராங்கும் தனியாக இருக்கிற காட்சி வந்தபோது, நான் ரிமோட்டைத் தேடிய வேகத்தில் அம்மாவின் பிளேன்டீ கவிழ்ந்தது. ரிமோட் மச்சானின் போர்வைக்குள். அம்மா சன்னலைப் பார்த்தார். மழையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. இது சிரிக்கிற சங்கதி. சிரிக்க முடியாதது முதல் சீசனின் கடைசி இரண்டு எபிசோட்: சிறைக்குள் பாலியல் வன்முறை, சித்திரவதை, கண்ணைத் திருப்பாமல் காட்டுகிறார்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம். பெரியவர்களிடமும் முன்கூட்டிச் சொல்லிவிட்டே போட வேண்டும்.

நாவல் படித்தவர்கள் செய்கிற தவறு தனி ரகம். திமிர் என்றே சொல்லலாம், என்னையும் சேர்த்துத்தான். இரண்டாவது சீசனில் ஒருவரைக் காட்டி, "கல்லோடனோட இவர் கதை முடிஞ்சிடும், பாருங்க" என்று சொல்லிவைத்தேன். நாவலில் அப்படித்தான். தொடரிலோ அந்த மனிதர் அடுத்த சீசனிலும் உயிரோடு வந்து நின்றார். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் மச்சான் கையைக் காட்டிவிடுவார். இன்னொன்று, "நாவல் எவ்வளவு விறுவிறுப்பு தெரியுமா" என்று தொடரைக் குறை சொல்லுகிற கூட்டம். 2001-இல் வந்த ஐந்தாவது நாவலில் ஒரே ஒரு நாள் நூறு பக்கங்களைத் தாண்டி ஓடுகிறது. இழுவையின் ஊற்று அங்கேதான் இருக்கிறது. கிளேரே கதை சொல்லுவதும் முதல் நாவலின் வழிதான். தொடர் அதைப் பிடித்துக்கொண்டு வந்து, முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோட்டில் திடீரென்று ஜேமியின் குரலுக்கு மாறும். அன்றைக்கு யார் கதை சொல்லுகிறார் என்பதைக் கவனிக்காமல் அதில் ஜேமி நடந்துகொள்ளும் விதத்தைத் திட்டுவதில் பயன் இல்லை.

வருஷங்களில் தடுமாறுவதற்கு மட்டும் சுலபமான மருந்து உண்டு. அக்கா மகள் கண்டுபிடித்தது. இரண்டாவது சீசன் தொடக்கத்தில் கிளேர் 1948-க்குத் திரும்பி வந்து நிற்க, நாங்கள் எல்லோரும் எபிசோட் மாறிப் போட்டுவிட்டோம் என்று நினைத்தோம். அவள் லைட் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். 1945-இல் போனவள் விழுந்தது 1743. 1746-இல் கிளம்பியவள் வந்து சேர்ந்தது 1948. இரண்டுக்கும் இடைவெளி 202. பிற்பாடு 1968 வரும், அதற்கு இணை 1766. அங்கே ஒரு வருஷம் கழிந்தால் இங்கேயும் ஒரு வருஷம். இரண்டு காலமும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை. 202-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் காட்சியிலும் தொலைந்துபோக மாட்டீர்கள்.

கணக்கு ருசி கண்ட பிறகு அவள் விடவில்லை. "அப்ப நான் இன்னிக்குக் கல்லைத் தொட்டா?" 2025-இல் 202 போனால் 1823. மலையகத்தார் இங்கே வந்து இருநூறு வருஷம் என்று 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, மலையகம் 200 என்று, அது எண்ணத் தொடங்கியது அந்த வருஷத்திலிருந்துதான்.

அம்மா டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அப்ப லயங்கூட இருக்காதேடி, வெறும் காடு. போறதுன்னா கம்பிளிய எடுத்துக்கிட்டுப் போ."