வெள்ளாடு குட்டி போடும் நாளில் கை வைப்பதும் கை கட்டி நிற்பதும்

எங்கள் வீட்டுத் தொழுவத்தின் சுவர் முழுவதும் கரிக்கோடுகள். பெட்டையாடு கிடாயுடன் சேர்ந்த நாளை அன்றைக்கே அங்கே குறித்துவிடுவது வழக்கம். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஐந்து நாள் முன்பின் ஆகலாம். வைகாசியில் சேர்ந்த ஆடு ஐப்பசியிலும், ஆனியில் சேர்ந்தது கார்த்திகையிலும் குட்டி போடும் என்பதால், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் அடைமழையும் குட்டிகளும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மழைக்குப் பின் மேய்ச்சல் பச்சை கட்டும், தாய்க்குப் பால் நன்றாகச் சுரக்கும். அதே மழைதான் நனைந்த குட்டியைக் கொண்டுபோகவும் செய்யும். புதிதாக ஆடு வளர்ப்பவர்கள் கிடாயை ஐப்பசிவரை பிரித்துக் கட்டி, பங்குனியில் குட்டி எடுப்பது நல்லது என்பேன். மேய்ச்சல் குறைவாக இருந்தாலும் தொழில் பழக அது எளிய பருவம்.

நாங்கள் வளர்ப்பது கன்னி ஆடு. கறுத்த உடலும், கண்ணோரத்திலிருந்து மூக்குவரை இறங்கும் இரண்டு வெள்ளைக் கோடுகளும் இதன் அடையாளம். தலையீத்தில் பெரும்பாலும் ஒரு குட்டியும், அடுத்த ஈத்துகளில் இரட்டையும் போடும். இரட்டை என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த இரண்டு வயிற்றுக்குமான தீனியைத் தாய்க்கு முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். வயிற்றுக் குட்டியின் எடை பெரும்பாலும் கடைசி ஒன்றரை மாதத்தில்தான் ஏறுகிறது. அந்த நாள்களில் மேய்ச்சலோடு, இடித்த கம்பு அல்லது மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, சிறிது தாது உப்பு ஆகியவற்றைக் கலந்து தினமும் கால் கிலோ வைக்க வேண்டும். திடீரென்று அள்ளி வைத்தால் வயிறு கெட்டுவிடும் என்பதால், கைப்பிடியில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டிக்கொண்டு போவது முறை. தீனி போதாத இரட்டைச் சினையாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துக் குட்டிகளுக்குக் கொடுக்கத் தொடங்கும். அப்போது தீனியை மறுத்து, கூட்டத்தை விட்டு ஒதுங்கி, மந்தமாக நிற்கும், பிறகு எழ முடியாமல் படுத்துவிடும். இதைச் சாதாரணச் சோர்வு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியையும் குட்டி போடுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு தாய்க்குப் போட்டுவிட்டால், அதன் பலன் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போய்ச் சேரும்.

நாள் நெருங்கியதும் ஐந்தடிக்கு ஐந்தடி இடத்தைத் தட்டி வைத்துப் பிரித்து, தரையில் சுண்ணாம்புத்தூள் தூவி, அதன்மேல் காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்ப வேண்டும். தண்ணீர் வாளியை அங்கே வைக்கக் கூடாது. ஆடு வாளியோரமாக நின்று குட்டி போட்டால் குட்டி நேராகத் தண்ணீருக்குள் விழுந்துவிடும். மடி கனத்துக் காம்புகள் பளபளப்பது ஓர் அறிகுறி. ஆனால் நான் அதிகம் நம்புவது வாலடியை. அதன் இருபுறமும் பென்சிலைப் போல விறைத்திருக்கும் நாண்களைத் தினமும் மாலையில் தடவிப் பார்த்து வந்தால், ஒருநாள் அவை தளர்ந்து விரலுக்கு அகப்படாமல் போகும். பெரும்பாலும் அதிலிருந்து ஒரு நாளுக்குள் குட்டி வந்துவிடும்.

வலி கண்ட ஆடு தரையைக் காலால் பறித்து, படுத்து எழுந்து, தன் வயிற்றைத் தானே திரும்பிப் பார்க்கும். இந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை கை கட்டி நிற்பதுதான். ஊரைக் கூட்டாமல், விளக்கை முகத்தில் அடிக்காமல், நாயை அப்பால் கட்டிவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார வேண்டும். பனிக்குடம் தெரிந்த பிறகு, உள்ளங்குளம்பு கீழ்நோக்கிய இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் படிந்த மூக்கும் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள்; ஆடு தானாகவே ஈன்றுவிடும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் ஒன்றும் வெளியே வராவிட்டாலோ, தலை மட்டும் வந்து கால் தெரியாவிட்டாலோ, வால் மட்டும் தெரிந்தாலோதான் நாம் எழ வேண்டும்.

தெரிவது முன்னங்காலா, பின்னங்காலா என்ற குழப்பம் பலருக்கும் வரும். குளம்புக்கு மேலுள்ள முதல் மூட்டையும் அடுத்த மூட்டையும் மடக்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்: இரண்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். பின்னங்கால்கள் இரண்டும் முதலில் வந்தாலும் குட்டி பிழைக்கும். ஆனால் இடுப்பு வெளியே வந்தபின் தொப்புள்கொடி நசுங்குவதால், அதற்குமேல் தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும். கையை உள்ளே விட நேர்ந்தால், நகம் வெட்டி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ஆடு முக்கும்போது மட்டும் அதன் மடியை நோக்கிக் கீழ்ச்சாய்வாக இழுக்க வேண்டும். தலை பின்புறமாகத் திரும்பியிருந்து பத்து நிமிடத்தில் நேராக்க முடியாவிட்டால் மேலும் துழாவாமல் மருத்துவரைக் கூப்பிடுவதே ஆட்டுக்கு நல்லது. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். கருவுற்ற பெண்கள் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது. கருச்சிதைவை உண்டாக்கும் சில நோய்கள் ஆட்டின் பனிநீரிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் மனிதர்களுக்குத் தொற்றும். மற்றவர்களும் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துணியால் வழித்துவிட வேண்டும். மூச்சு வரவில்லையென்றால் வைக்கோல் துரும்பை நாசியில் விட்டுக் கிச்சுகிச்சு மூட்டினால் தும்மிக்கொண்டு மூச்செடுக்கும். அதற்குமேல் குட்டியைத் தாயின் முகத்தருகே வைத்துவிட்டு விலகிவிடலாம். நக்குவது ஈரத்தைத் துடைப்பதற்கு மட்டுமல்ல. தாய் தன் குட்டியின் வாடையைப் பழகிக்கொள்வது அந்த நேரத்தில்தான். தொப்புள்கொடி நீளமாக இருந்தால் வயிற்றிலிருந்து இரண்டு விரற்கடை விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் முக்கியெடுக்க வேண்டும்.

அடுத்தது சீம்பால். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் குட்டிக்குக் கடப்பதில்லை. சீம்பால் வழியாகத்தான் அது கிடைக்கிறது. குடல் அதை உறிஞ்சும் திறனும் ஒரு நாளுக்குள் தீர்ந்துபோவதால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் குட்டி ஊட்டியாக வேண்டும். காம்பின் நுனியை அடைத்திருக்கும் மெழுகுபோன்ற கட்டியை ஒரு பீய்ச்சல் பீய்ச்சி எடுத்துவிட்டுக் குட்டியின் வாயில் வைத்தால் போதும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லியாவது உள்ளே போக வேண்டும். தாயிடம் பால் இல்லையென்றால் அன்று ஈன்ற வேறோர் ஆட்டின் சீம்பாலைக் கறந்து, இளஞ்சூட்டில் கொடுக்கலாம். காய்ச்சக் கூடாது. மாட்டுச் சீம்பாலைக் கருப்பட்டி போட்டு அவித்துத் தின்று பழகிய நமக்கு அடுப்பில் வைக்கத்தான் கை போகும். ஆனால் கொதித்தால் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தி அழிந்துவிடும்.

இந்த ஒழுங்கை நான் கற்றது ஓர் இழப்பில்தான். சில ஆண்டுகளுக்கு முன் கார்த்திகை மழையிரவில் எங்கள் ஆடு ஒன்று இரட்டை போட்டது. முதல் குட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டாவது குட்டி கூரை ஒழுகிய மூலையில் விழுந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. எடுக்கும்போது அதன் வாய்க்குள் விட்ட என் விரல் சில்லிட்டது. பசியால்தான் துவண்டு கிடக்கிறது என்று எண்ணி, சங்கில் சீம்பாலை ஊற்றிப் புகட்டினேன். கடைவாயில் நுரையாக வழிந்தது. விடியும் முன் குட்டி அடங்கிவிட்டது. வாய் குளிர்ந்த குட்டிக்கு விழுங்கும் வலு இருக்காது, பால் நுரையீரலுக்குப் போய்விடும் என்பதை மறுநாள் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதலில் சூடு, பிறகே பால். குட்டியைக் கழுத்துவரை, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி எடுத்து, ஈரம் போகத் துவட்டி, சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தால், வாய்க்குள் சூடு ஏறித் தானே சப்பத் தொடங்கும். குண்டு பல்பு தொங்கவிடுபவர்கள் வைக்கோலிலிருந்து மூன்றடி உயரத்தில் கம்பியால் இறுகக் கட்ட வேண்டும்.

நஞ்சுக்கொடி சில மணி நேரத்தில் தானாக விழும். தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து இழுக்கவே கூடாது. அறுந்தால் மிச்சம் உள்ளே அழுகும். 12 மணி நேரம் கடந்தும் விழவில்லையென்றால் மருத்துவர் வர வேண்டும். மாட்டின் நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டிப் பால் வடியும் ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கத்தை எங்கள் பக்கம் இன்றும் பார்க்கலாம். ஆட்டினுடையதை நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுகிறோம். தாய்க்கு வெதுவெதுப்பான கருப்பட்டித் தண்ணீரைக் கொடுத்தால் ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும்.

தலையீத்து ஆடு சிலநேரம் இரட்டையில் ஒன்றை மட்டும் ஏற்று, மற்றதை முட்டித் தள்ளும். தள்ளப்பட்ட குட்டியின் முதுகில் தாயின் பாலையே தடவி, தாயின் தலையைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு நான்கைந்து முறை ஊட்டவிட்டால், பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் சமாதானமாகிவிடும். விட்டுவிட்டால் அந்தக் குட்டி சவலையாகிப் போகும்.

நான்காம் நாள் விடிகாலையில் குட்டிகளைக் கவிழ்த்து மூடிய பஞ்சாரக் கூடையைத் தூக்கினால், கவிழ்ந்து கிடக்கும் உரலின்மேல் ஏறி நின்று, நாலு காலையும் ஒன்றாகத் தூக்கிக் காற்றிலேயே உடலை முறுக்கிக் குதிக்கும் அந்தத் துள்ளலுக்காக, எங்கள் வீட்டுக் கிழவி காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு வாரத்தில் அகத்திக் கொத்தைக் குட்டியின் மூக்குக்கு எட்டும்படி கட்டித் தொங்கவிட்டால் கொறிக்கப் பழகும். மூன்றாம் வாரத்துக்குமேல் கழிச்சல் கண்டால், குறிப்பாக இரத்தம் கலந்திருந்தால், புழுக்கையைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்து மருந்து வாங்க வேண்டும். ஈரத்தரைதான் அதற்கு முக்கியக் காரணம். மூன்று மாதம் முடிந்ததும் ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியைப் போட வேண்டும். கிடாக்குட்டிகளையும் அத்தோடு தாயிடமிருந்தும் உடன்பிறந்த பெட்டைகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும். பால்குடி மறவாத குட்டிதானே என்று ஒரு முறை விட்டுவைத்ததால், சுவரில் கரிக்கோடே இல்லாத ஓர் ஆடு தை மாதக் குளிரில் எங்களை நடுச்சாமத்தில் எழுப்பியது.