ஆத்தங்கரை வழியா சைக்கிள் பாதை, நடைபாதை: நம்ம ஊர்ல எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பதினொண்ணாவது படிக்கிற புள்ளைங்க கவர்மென்ட் குடுத்த சைக்கிள்ல மெயின்ரோட்டு ஓரமா, பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்க எதிர்ல நெல்லு லாரி வர ஸ்கூலுக்குப் போறத தினமும் பாக்குறேன், வயித்தக் கலக்குது. அந்த ரோட்டுலேருந்து கூப்பிடு தூரத்துல வெட்டாத்துக் கரை நிழலும் காத்துமா சும்மா கிடக்கு. அதப் புடிச்சுப் போனா ஸ்கூலுக்குப் பின்பக்கம் வந்துடலாம், நடுவுல ஒரே ஒரு இடத்துலதான் பாதை அறுந்து கிடந்துச்சு. டெல்டாவுல புதுசா பாதை போடுற வேலை ரொம்பக் கம்மிங்க. ஆத்தங்கரை, வாய்க்கா கரை, பழைய வண்டிப்பாதை எல்லாம் ஏற்கனவே இருக்கு, அறுந்த இடத்தக் கண்டுபிடிச்சு முடிச்சுப் போடணும். அஞ்சு பேர் இருந்தா ஆரம்பிச்சுடலாம். நாங்க செஞ்ச வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல, பெரியவங்கள்ட்ட கேளுங்க

போன்ல மேப்ப தொறக்குறதுக்கு முன்னாடி பால்காரர், தபால்காரர், நடவுக்குப் போற அக்காங்க, வயசானவங்க இவங்கள்ட்ட உக்காந்து பேசுங்க. "பஸ் வராத காலத்துல சந்தைக்கு எப்படிப் போவீங்க?"ன்னு கேட்டா போதும், கொட்டுவாங்க. நாங்க ஒரு வாய்க்கால தாண்ட வழி தெரியாம ரெண்டு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டோம். எதுத்த வீட்டு அப்பாயி திண்ணையில வெத்தலை மடிச்சுக்கிட்டே, "ஏன் தம்பி அம்புட்டு தூரம் சுத்துறீங்க, ஐயனார் கோயிலுக்குப் பின்னால மதகு இருக்குல்ல, அது மேல ஏறித்தான நான் கல்யாணம் கட்டிக்கிட்டு வந்தேன்"ன்னுச்சு. போய்ப் பாத்தா நெய்வேலி காட்டாமணக்கு மூடிக் கிடக்கு, உள்ள மதகு கல்லு மாதிரி நிக்குது.

ரெண்டாவது, தாண்டுற இடங்கள மொதல்ல குறிங்க

நம்ம ஆறெல்லாம் மேற்கேருந்து கிழக்க ஓடுது. அதனால கிழக்க மேற்க போறதுக்கு ஏதாவது ஒரு கரையப் புடிச்சா மைல் கணக்குல போகலாம், தெக்க வடக்க போறதுதான் பாடு. தஞ்சாவூர்லேருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர், அதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு ஆத்தத் தாண்டணும். பாலம், ரெகுலேட்டர் (ஆத்துத் தண்ணிய அடைச்சுத் திருப்பிவிடுற ஷட்டர்) மேல நடக்க விடுற இடம், மதகு, மூங்கில் பாலம், தென்னமரத்த வெட்டிப் போட்ட வாய்க்கா, இதயெல்லாம் ஒரு பேப்பர்ல புள்ளி வைங்க. அந்தப் புள்ளிங்கதான் வலைக்கு முடிச்சு, கரையெல்லாம் நடுவுல ஓடுற கயிறு.

நம்ம முன்னோர் இந்த வேலைய எப்பவோ செஞ்சுட்டாங்க. சித்திரையில திருவையாத்து ஏழூர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம்னு சுத்தி வருது, கூடவே சனம் காவிரியத் தாண்டி நடக்குது. கும்பகோணத்துலயும் ஏழூர் வலம் உண்டு. உங்க பக்கத்துல சாமி எந்த வழியில போகுதுன்னு பாருங்க, அதுல முக்கால்வாசி பாதை ரெடியாவே இருக்கும்.

மூணாவது, நடந்து பதிவு பண்ணுங்க

ஓஎஸ்எம்அண்ட் (OsmAnd) மாதிரி ஒரு மேப் ஆப் போட்டு உங்க ஏரியா மேப்ப முன்னாடியே இறக்கி வச்சுக்கிட்டா சிக்னல் இல்லாத இடத்துலயும் நடந்த தடம் பதிவாகும், அத ஜிபிஎக்ஸ் (GPX)ங்கிற தடம் பதிஞ்ச ஃபைலா எடுத்துக்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல யார் வேணாலும் இலவசமா கணக்கு ஆரம்பிச்சு பாதைய வரையலாம், ஆனா பொதுப்பாதைன்னு உறுதியானத மட்டும் வரைங்க, அடுத்தவங்க வரப்ப பாதைன்னு போட்டுடாதீங்க. நடக்கும்போது அகலம் எவ்வளவு, நிழல் எங்க, சைக்கிளத் தூக்க வேண்டிய இடம் எது, நாய் தொரத்துற இடம் எது, எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க.

ஒரே பாதைய ரெண்டு தடவை போகணும், இத மட்டும் விட்டுடாதீங்க. காஞ்சப்ப ஒரு தடவை, ஒரு நல்ல மழைக்கு மறுநாள் ஒரு தடவை. நம்ம களிமண்ணு நனைஞ்சா முதல்ல டயர்ல மெல்லிசா ஒட்டும், பத்தடியில மட்கார்டுக்குள்ள அடைச்சுக்கும், இருபதடியில சக்கரம் சுத்தாம நின்னுடும், குச்சிய விட்டு நோண்டி எடுத்தா மறுபடி பத்தடி. எங்க அந்த மாதிரி ஆவுதோ அங்க மட்டும் கிராவல் போட்டா போதும். இது தெரியாம முழுப் பாதைக்கும் மதிப்பு போட்டா காசு எங்கேருந்து வரும்னு மலைச்சே கைவிட்டுடுவோம்.

நாலாவது, இடம் யாரோடது?

ஆத்தங்கரை நீர்வளத்துறை பொறுப்புல இருக்கு. மத்த இடத்துக்கு சர்வே நம்பர வச்சு தமிழக அரசோட இ-சர்வீசஸ் தளத்துல புல வரைபடமும், நிலம் எந்த வகைன்னு சொல்ற அ-பதிவேடும் பாக்கலாம், வண்டிப்பாதை, வாய்க்கால் புறம்போக்குன்னா தெரிஞ்சுடும், சந்தேகம் இருந்தா விஏஓ-கிட்ட போங்க. பட்டா நிலம் குறுக்க வந்தா அந்த விவசாயிகிட்ட நேர்ல போய் "அண்ணே, வரப்ப மிதிச்சு கெடுக்க மாட்டோம், வேணாம்னா சுத்திப் போறோம்"னு சொல்லுங்க. வேணாம்னு சொன்னா அதோட விட்டுடணும்.

அப்புறம் மேப்பையும் மனுவையும் கிராம சபைக்குக் கொண்டு போங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு 6 தடவை நடக்குது. பத்து பாதைய கேக்காம ஸ்கூல், ரேஷன் கடை, ஆஸ்பத்திரிய இணைக்குற ஒரே ஒரு 5, 6 கிலோமீட்டர் சுத்துப்பாதையா கேளுங்க, அது உருப்படியா நின்னா அடுத்த ஊர்க்காரங்க தானா வருவாங்க.

அஞ்சாவது, கைவேலை

காட்டாமணக்கையும் சீமைக்கருவேலத்தையும் வெட்டுனதோட விட்டா பத்தாது. கருவ முள்ளு ஒண்ணு கிடந்தாலும் டியூப் போச்சு, தொடப்பத்தால கூட்டி அள்ளணும். கரைய வெட்டவோ சமப்படுத்துறேன்னு மண்ண எடுக்கவோ கூடாது, மழைக்காலத்துல கரை ஒடஞ்சா ஊரே போயிடும். நண்டு வளையிலேருந்தோ கரைக்கு வெளிப்பக்கமோ தண்ணி கசியுறத பாத்தா உடனே லஸ்கருக்கு (ஆத்தங்கரையையும் மதகையும் பாத்துக்குற நீர்வளத்துறை ஆளு) தகவல் சொல்லுங்க, தினமும் கரையில போற ஆளுக்குத்தான் அது முதல்ல கண்ணுல படும். டிராக்டர் வராம இருக்க கல்லு நடணும்னா வண்டிப்பாதையில மட்டும் நடுங்க, ஆத்தங்கரையில வேணவே வேணாம், வெள்ளத்தன்னிக்கு மணல் மூட்டை லாரி அந்த வழியாத்தான் வந்தாகணும்.

அம்புக்குறியும் தூரமும் மதகுச் சுவத்துல அனுமதி வாங்கி பெயின்ட்ல எழுதுங்க, மரத்துல ஆணி அடிக்காதீங்க. நாங்க முதல் வருஷம் கரையில பதினோரு மரப்பலகை நட்டோம், மே மாசம் தூர்வார வந்த ஜேசிபி எல்லாத்தையும் மண்ணோட வாரிடுச்சு. கரையில ஏப்ரல், மே தூர்வாருற நேரம்னு யோசிக்காதது எங்க தப்பு.

ஆறாவது, வருஷக் கணக்கு

மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க, அதுக்கு முன்னாடி ஒரு நடை நடந்து பாத்துடுங்க, தண்ணி வந்தப்புறம் மணல்ல இறங்கித் தாண்டுற குறுக்கு வழியெல்லாம் கிடையாது. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் தாழ்வான கரைய மூடிட்டோம்னு வாட்ஸ்அப் குரூப்ல சொல்லிடணும். அறுவடை சமயத்துல பாதையில நெல்லு காயும், அப்ப இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போகணும், அது அவங்க வருஷப் பொழைப்பு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அங்கயே குடியிருக்குற ஒருத்தர பொறுப்பா போடுங்க. புரட்டாசி, ஐப்பசியில பனங்கொட்டை பொறுக்கி கரையோட வெளிச்சரிவுல, துறைக்காரங்கள கேட்டுட்டு, ஊன்றலாம், புள்ளைங்க ஆசையா வருவாங்க.

முதல் சைக்கிள் ரைடு ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்கு வைங்க, வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடலாம். ஒரு பம்பு, பஞ்சர் ஒட்டுற சாமான், ஒரு குடம் தண்ணி. வேகமா ஓட்டுறவங்கள பின்னால விட்டுட்டு சின்னப் புள்ளைங்களையும் நடந்து வர்ற அம்மாங்களையும் முன்னால விடுங்க. எங்கல்லாம் அவங்க நின்னு யோசிக்கிறாங்களோ அங்க அம்புக்குறி பத்தலன்னு அர்த்தம், நோட்டுல குறிச்சுக்குங்க.