பங்குப் பள்ளியின் வரலாற்றை எழுதத் தொடங்குவோருக்கு

கொங்கு நாட்டில் பழைய கத்தோலிக்கப் பங்குப் பள்ளி (பங்குக் கோயிலைச் சேர்ந்த பள்ளி) ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் நூற்றாண்டு விழா மலரைத்தான் முதலில் தேடுகிறார்கள். தலைமையாசிரியர் அறைப் பீரோவில் உள்ள சேர்க்கைப் பதிவேட்டையே முதலில் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து. மலரில் பங்குத்தந்தையரும் தாளாளர்களும் இருப்பார்கள், பிள்ளைகள் பதிவேட்டில்தான் இருப்பார்கள்.

பத்தாண்டுக்கு ஒருமுறை ஐம்பது பெயர்களை எடுத்துக்கொண்டு, தந்தையின் தொழில் என்னும் கட்டத்தைப் படியெடுங்கள். பண்ணையம், தறி, கூலி என்று வரும் கட்டத்தில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் பஞ்சாலைகள் பெருகிய பிறகு ‘மில்’ என்னும் சொல் எந்த ஆண்டில் நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சேர்க்கை திடீரெனக் குறையும் ஆண்டு கண்ணில் பட்டால், கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழக் காரணமான கொள்ளைநோயையும், 1876–78 தாது வருடப் பஞ்சத்தையும் நினைவில் வைத்து, அதே ஆண்டில் இறந்தோரைக் குறிக்கும் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழும். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை. பள்ளியில் இராயப்பன் என்று இருக்கும் சிறுவன் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். பெயரை மட்டும் நம்பாமல், தந்தை பெயர், ஊர், பிறந்த ஆண்டு மூன்றும் பொருந்தினால்தான் இருவரும் ஒருவரே என்று எழுதலாம்.

பள்ளி தொடங்கிய ஆண்டைப் பற்றி ஊரில் சச்சரவு இருக்கத்தான் செய்யும். கோயில் திண்ணையில் பாடம் தொடங்கிய ஆண்டு, அரசு அங்கீகாரம் கிடைத்த ஆண்டு, கட்டடம் எழுந்த ஆண்டு ஆகிய மூன்றையும் பிரித்தெழுதினால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும். நிலப் பத்திரத்தில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) இருந்தால், ஆங்கில ஆண்டை அறிய 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1310 என்பது 1900–01.

கோவை 1850-இல் தனி மறைத்தளமாகி (மறைமாவட்டத்துக்கு முந்தைய நிலை), 1886-இல் மறைமாவட்டமாயிற்று. முந்தைய காலத்துக்குப் புதுச்சேரிப் பக்கம் தேட வேண்டும். பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்களின் கடிதங்கள் பிரெஞ்சில் இருக்கும். சேலம் பக்கத்துப் பள்ளி என்றால், சேலம் மறைமாவட்டம் 1930-இல்தான் தோன்றியது என்பதை நினைவில் வையுங்கள்.

சாதிக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த ஆண்டில் முதன்முதலாக உள்ளே வந்தார்கள் என்பதே நான் மிகவும் மதிக்கும் பக்கம். எண்ணிக்கையை எழுதுங்கள், குடும்பங்களின் பெயர்களை அச்சிட வேண்டாம்.

கடைசியாக முதியவர்களிடம் செல்லும்போது, அவரவர் சேர்ந்த ஆண்டின் பக்கத்தைப் படியெடுத்துக் கொண்டுபோங்கள். “பள்ளி எப்படி இருந்ததுங்க?” என்று கேட்டால் “நல்லா இருந்ததுங்க” என்பதோடு பேச்சு நின்றுவிடும். “பக்கத்துல யாருங்க உட்கார்ந்திருந்தாங்க?” என்று கேட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள், யார் பாதியில் நின்று தறிக்குழிக்குப் போனார் என்பதை அவர்களே சொல்வார்கள்.